தென்னந்தோப்பு வால்வும் உன் இடது காலும்

கண்ணு,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா, வெக்கட்டுமா" என்பாய். நேரில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் சமாதானம் செய்துவைப்பாள், சொல்ல வந்தது செத்துப்போகும். அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. பம்பு கம்பெனியில், பம்பை ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்கிற டெஸ்ட் பெட்டில் நிற்கிறவன் நான். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் பழக்கம். பம்பு தேறுமா என்று கேட்டால் தேறும், தேறாது, இரண்டில் ஒன்று. உன் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு கையெழுத்துப் போடாமல் இத்தனை வருடம் நழுவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது ஒரு பெரிய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "அப்பா, நான் நல்லா மாட்டிக்கிட்டேன்ப்பா." வெளியே வந்து கேட்டேன். சென்னையில் உன் ஹாஸ்டல் கட்டிலில், இடுப்புக்குக் கீழே ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துகொண்டு வருகிறது, காலை வைக்கிற விதத்தை மாற்று, இல்லாவிட்டால் பந்து போடுவதை நிறுத்து என்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் போட்டி. உன் டீமில் பந்து போட உன்னை விட்டால் ஆள் கிடையாது. நிறுத்தினாலோ ஆபீஸ். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வேலை. உன் பெயருக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, நீ அதில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் உட்கார்ந்ததில்லை. உனக்குப் பின்னால் சேர்ந்தவர்களிடம் போய், ஒரு ஃபைலை எப்படி எடுத்து வைப்பது என்று கேட்டு நிற்க வேண்டும். சரி, காலை மாற்றலாம் என்றால், அந்தக் காலைத்தான் ஊர் உன் அடையாளம் என்கிறது. அடுத்த திங்கட்கிழமை கோயமுத்தூரில் ஜூனியர் பெண்களுக்கு முகாம். அந்த அடியைக் கற்றுக்கொடுக்கத்தான் உன்னை அழைத்திருக்கிறார்கள். "அந்தக் கால விட்டுட்டா நான் யாருப்பா?" என்று கேட்டாய். "அப்புறம் பேசறேன் கண்ணு, மோட்டார் ஓடுது" என்று வைத்துவிட்டேன். மோட்டார் அப்போது நின்றுவிட்டிருந்தது.

இதை உன்னைத் தவிர இன்னும் சிலர் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். சாஃப்ட்பாலில் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறிவதில்லை. கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்பை ஒட்டிக் கீழிருந்து விட வேண்டும். வலக்கைக்காரிக்கு இடது கால் முன்னே பாயும். அது மட்டையோடு நிற்கிறவளைப் பார்த்து நேராக விழ வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் விழுகிறது. உனக்கு மட்டும் இடது கால் வலது பக்கமாகக் குறுக்கே போய் விழும், இரண்டு காலும் ஒரு கணம் பின்னிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீ விடுகிற பந்தை ரைஸ் பால் என்கிறார்கள், வந்துகொண்டே மேலே எழும்புகிறதாம். எழும்பாது. விழ வேண்டிய அளவுக்கு விழாது, அவ்வளவுதான். அடிக்கிறவளின் கண் ஏமாந்துபோகும்.

அப்படி ஏமாந்த கண்கள் நிறைய. அகில இந்தியப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், ஓட்டம் எடுக்கத் தயாராக மூன்று முனையிலும் எதிராளி நிற்க, நீ போட்ட அந்தக் கடைசிப் பந்தைப் பஞ்சாப்பில் ஒரு மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். மட்டை காற்றை அடித்தது. மறுநாள் செய்தித்தாளில் உன் கால் இரண்டும் பின்னியிருக்கிற படம், கீழே "கத்தரிக்கால்" என்று பெயர். டீம் பெண்கள் அதையும் விடவில்லை, "ஏய் கத்திரிக்கா" என்று கூப்பிட்டார்கள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பாராட்டு விழா வைத்தபோது ஒரு பயிற்சியாளர் திரையில் உன் படத்தை ஓட்டி, ஓட்டி நிறுத்தி, சிவப்புப் புள்ளியால் உன் முழங்காலைச் சுட்டிக்காட்டிப் பேசினார். இடுப்பைக் குறுக்கே போட்டுப் பந்தைக் கடைசி நொடி வரைக்கும் ஒளித்துவைக்கிறாளாம். அதுதான் ரகசியமாம். நீ மேடையில் உட்கார்ந்தபடி கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் குனிந்து செருப்பைச் சரி பண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "வால்வுன்னு சொல்லியிருந்தா அந்தாளு மூஞ்சி எப்புடிப் போயிருக்கும்!" என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மாலையும் கழுத்துமாக இருந்தபோது எப்படிச் சொல்வது என்று விட்டோம். அதற்குப் பிறகு சொல்லவே முடியாமல் போனது. ஒவ்வொரு கோப்பையும் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, நம் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பில்தான் நீ பந்து போடப் பழகினாய். தோப்பு நம்முடையதல்ல. உன் தாத்தா அந்தத் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர். அவர் இருந்த வீட்டில்தான் நாமும் இருக்கிறோம். நான் டிப்ளமோ படித்து பம்பு கம்பெனிக்குப் போனதில் ஓட்டுவீடு தார்சு வீடாக மாறியது, மற்றபடி இடம் அதேதான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் உன் கையில் பந்தைக் கொடுத்து, இந்தப் புள்ளை கை வேற மாதிரி சுத்துது என்று சொன்ன வருடம், உனக்குப் பழக நீளமாக ஓர் இடம் தேவைப்பட்டது. இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் ஒரு சந்து. அதன் ஒரு முனையில் மோட்டார் ரூம் சுவர். நான் அதில் முதுகைச் சாய்த்துக் குத்தவைத்தால், பிடிக்காமல் விட்ட பந்து சுவரில் பட்டு என்னிடமே வரும். அங்கிருந்து டேப் பிடித்து நாற்பத்து மூன்று அடி அளந்து உன்னை நிறுத்தினேன். உன் இடது கால் எங்கே விழ வேண்டுமோ, சரியாக அங்கே, தரைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு ஒரு இரும்பு வால்வு நின்றது. மேற்குப் பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் திருப்புகிற வால்வு. பக்கவாட்டில் நகரலாம் என்றால் இரண்டு பக்கமும் மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி, எப்போதும் சேறு.

முதல் பந்திலேயே போய் மோதினாய். முழங்காலுக்குக் கீழே தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. நீ அழவில்லை.

"அப்பா, இத அக்கட்ட நவுத்திப் போடலாமாப்பா?"

"அது நம்முளுது இல்ல கண்ணு. நீ கால மாத்தி வெய்யி."

"எப்புடி மாத்தறது?"

"இக்கட்ட வெய்யி, குறுக்க. அதெல்லாம் பழகிரும்."

பழகிவிட்டது.

ஒரு வால்வைக் கழற்றி இரண்டடி தள்ளிப் பொருத்த எனக்கு அரை நாள் வேலை. தோட்டத்துச் சொந்தக்காரர் ஐயாவிடம் கேட்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு வரவில்லை. நம் பக்கத்தில் அடுத்தவர் வரப்பில் நடக்கலாம், விழுந்து கிடக்கிற தேங்காயில் ஒன்றை எடுத்துப் போனால்கூடச் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். தண்ணீரில் கை வைத்தால் கூடப் பிறந்தவர்களே கோர்ட்டுக்குப் போவார்கள். தண்ணீர் கட்டுகிறவன், திருப்பச் சொன்ன வால்வைத் தவிர இன்னொன்றைத் தொடக்கூடாது என்பது உன் தாத்தா எனக்குச் சோற்றோடு ஊட்டியது. அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தைக்கு நாலு "ங்க" போட்டுப் பேசுகிற ஊரில், ஒரு வார்த்தை கேட்பதற்கு மட்டும் எனக்கு வாய் திறக்கவில்லை. வருடா வருடம் மலையிலிருந்து யானை இறங்கி வந்து நாற்றுத் தென்னையைப் பிடுங்கிப் போட்டது, வேலியைச் சாய்த்தது, ஒருமுறை மோட்டார் ரூம் கதவையே நெளித்துவிட்டுப் போனது. அந்த வால்வை மட்டும் மிதிக்கவில்லை. யானையும் நம்மைப் போல ஒதுங்கித்தான் போயிருக்கிறது.

நீ போனில் பேசிய மறுநாள், கம்பெனி கேட்டில் ஒருவர் காத்திருந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவராம்.

"ஏனுங்க, நீங்க பிருந்தா அப்பாவுங்களா? அண்ணனாட்ட இருக்கறீங்க!"

"பெத்தது நாந்தானுங்க. சொல்லுங்க."

"என்ற பொண்ணும் பந்து போடறாளுங்க. உங்க புள்ளையாட்டவே கத்தரிக்கால் வெக்கறா. இப்ப வர்ற முகாமுக்கு வேற எடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழம ஒருக்கா வந்து பந்தப் புடிச்சுப் பாத்துச் சொன்னீங்கன்னா நெம்பப் புண்ணியமாப் போவுமுங்க."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிடுகிற ஆள்தான் நான். என்னவோ, சரி என்று சொல்லிவிட்டேன்.

சோமனூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சௌமியா என்று பெயர், பதினாறு வயது இருக்கும். நீ அந்த வயதில் இருந்ததைவிட உயரம். டிராக் பேண்டுக்கு மேலே, இடது இடுப்பைச் சுற்றி அழுத்தமாகக் கட்டுத் துணி. நான் கையுறையை மாட்டிக்கொண்டு குத்தவைத்தேன். அந்த அப்பா தன் மொபெட்டின் முன்னால் இருந்த பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தார். மைதானத்துக்குள் போய், மகள் நிற்கிற இடத்துக்கு முன்னால் காலால் அளந்து, அந்தச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திவைத்தார். அவளுடைய இடது கால் நேராக விழ வேண்டிய இடம் அது.

"இதெதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கால் நேராப் போயிருதுங்க. எத்தன சொன்னாலும் நேராத்தான் போவுது. இத வெச்ச பொறவுதான் உங்க புள்ளையாட்டக் குறுக்க வெக்கறா. மொதல்ல மோதி மோதி ரத்தம் வந்துச்சுங்க. இப்பப் பழகிருச்சு."

கண்ணு, "பழகிரும்" என்று உனக்குச் சொன்னவன் நான். அந்த மனிதர் என்னைவிட நல்லவர். நான் இருந்ததை நகர்த்தவில்லை. அவர் இல்லாததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதுவும் உன்னைப் பார்த்து, உன்னைப் போல வர வேண்டும் என்று ஆசைப்பட்டு. உன் கோப்பைகளுக்கு அடுத்து நீ விட்டுப்போகிற சொத்து அந்தச் செங்கல்தான். சோமனூரில் ஒன்று எனக்குத் தெரியும். மற்ற ஊர்களில் என்னென்ன வைத்திருக்கிறார்களோ, கல்லோ, தண்ணீர்க் குடமோ, தெரியாது.

சௌமியா போட்டாள். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுப்பைப் பிடித்தாள், நீ செய்வது போலவே. நான் எழுந்து போய் அந்தச் செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டேன். "கொஞ்ச நேரம் இது இல்லாம போடு சாமி" என்றேன். போட்டாள். கால் தன்பாட்டுக்கு நேராகப் போய் விழுந்தது. பந்து என் உள்ளங்கையில் விழுந்த சத்தம் மாறவில்லை, வேகம் குறையவில்லை. ஆனால் பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது. "இது அக்கா பந்து மாதிரி இல்லீங்க அங்கிள்" என்றாள். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அது உன் கால், உன் பெயர், நீதான் சொல்ல வேண்டும். இரண்டு பேரிடமும், முகாம் வரைக்கும் பந்து போட வேண்டாம், இடுப்புக்கு ஓய்வு கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் திரும்பவும் செங்கல்லைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகாமுக்கும் கொண்டுவருவார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தோப்புக்குப் போய் அந்த வால்வை எட்டி உதைத்தேன். வலித்தது எனக்குத்தான். நார் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா எழுந்து வந்தாள்.

"ஏனுங்க, அது மேல என்ன கோவம்? அதுபாட்டுக்கு நிக்குது."

"இதாலதான் எல்லாம்."

"அன்னைக்குப் புள்ளைய நவுரச் சொன்னீங்க, இன்னைக்கு இரும்ப ஒதைக்கறீங்க. போயி ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டா வாயிலிருந்து முத்தா உதுந்துரும்?"

மறுநாள் காலையில் ஷிஃப்டுக்குப் போகும் முன் கேட்கப் போனேன். தோட்டத்து ஐயா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் இன்னும் "மோட்டாரு"தான்.

"வாப்பா மோட்டாரு, என்ன காலங்காத்தால?"

"ஐயா, மோட்டார் ரூமுக்கு நேரா ஒரு வால்வு நிக்குதுங்களே... அதக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கட்டுமுங்களா?"

"எது, மேக்கால பாத்தி வால்வா?" என்று பேப்பரை மடித்தார். "அதுல தண்ணி வந்து எந்தக் காலம்! சொட்டுநீர் போட்டப்பவே அந்த லைன அறுத்து உட்டாச்சே. உன்ற புள்ள பந்து போட ஆரம்பிக்கறதுக்கு முந்தியே. சும்மா நட்டமா நின்னுட்டிருக்குது. புடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் போ."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏப்பா, நீ மோட்டாருக்காரந்தான? ஒருக்கா திருப்பிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே?"

"சரிங்க ஐயா" என்று வந்துவிட்டேன். குழாய் மேல் கையை வைத்தாலே உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று சொல்லிவிடுகிறவன் நான். அதற்குத்தான் சம்பளம். அந்த வால்வின் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. உன்னைச் சுற்றிப் போகச் சொன்னேன், நீயும் சுற்றிப் போனாய், நாட்டின் அந்தக் கோடி வரைக்கும் போனாய், இல்லாத தண்ணீருக்காக.

இனி என் கருத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். அச்சு கோணலாகப் பூட்டிய பம்பும் தண்ணீர் தள்ளும். அளவும் குறையாது. வாங்கினவன் சந்தோஷமாக இருப்பான். உள்ளே பேரிங்கைத் தின்றுகொண்டே தள்ளும், அவ்வளவுதான். கோணலால்தான் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். உன் காலைப் பற்றி அதைத்தான் மேடையில் சொன்னார்கள், நான் செருப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். உன் பந்தை விழாமல் பிடித்துவைத்தது உன் மணிக்கட்டு. அதை இத்தனை வருடம் உள்ளங்கையில் வாங்கியவன் சொல்கிறேன். காலை நேராக வைத்தால் அதே பந்து வருமா என்று கேட்பாய். தெரியாது. ஓட்டிப் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. வராமல் போகலாம். அடுத்த மாதப் போட்டியை நீ விட வேண்டியிருக்கலாம். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகளிடம் ஃபைல் வேலை கற்றுக்கொள்ள வேண்டியும் வரலாம். கற்றுக்கொள், அதில் என்ன? உன்னைவிட மூத்த பெண்களையெல்லாம் பந்தைத் தொடாமலே மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வைத்தவள் நீ, ஒரு கிளார்க் பையனிடம் சந்தேகம் கேட்டால் குறைந்துபோக மாட்டாய். டீமுக்கு ஆள் இல்லை என்கிறாய். ஒரே மோட்டாரை நம்பித் தோட்டம் வைத்தது அவர்கள் தப்பு. அந்தப் பாரத்தையும் உன் இடுப்பில் ஏற்றாதே.

ஆனால் திங்கட்கிழமை முகாமுக்குப் போ. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கத்தரிக்காலைச் செய்து காட்டச் சொல்வார்கள். செய்யாதே. வால்வைப் பற்றிச் சொல். சிரிப்பார்கள். அந்தச் சிவப்புப் புள்ளிக்காரருக்குக் கோபம் வரும். யாராவது ஒருத்தி உன் படத்தைப் போனிலிருந்து அழித்துவிடலாம். முன்வரிசையில் இடுப்பில் கட்டோடு உயரமாக ஒரு பெண் நிற்பாள், அவளைப் பார்த்துச் சொல். அவள் அப்பா பக்கத்தில் பையோடு நிற்பார், அவருக்கும் கேட்கிற மாதிரி சொல். "அப்ப அக்கா இவ்வளவுதானா" என்று அவர்கள் நினைப்பார்களே என்று உனக்குப் பயம். நினைக்கட்டும். நீ யார் என்று கேட்டாயே, அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. வழியில் ஒரு இரும்பு நின்றும் பந்தை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டவள் நீ. இது என் கணக்கு. உன் கணக்கை நீதான் போட வேண்டும்.

இதை மற்ற அப்பாக்களும் படிக்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் அந்தச் செங்கல்தான். அச்சில் வந்தால் முகாமுக்கு வராதவர்களுக்கும் போய்ச் சேரும். ஆனால் கால் உன்னுடையது. முகாம் முடிந்து நீ "போடுங்கப்பா" என்று சொன்னால்தான் இந்தத் தாள்கள் வீட்டை விட்டு வெளியே போகும். இல்லாவிட்டால் பரண் மேல் கிடக்கும். இந்த முறை கேட்காமல் எதையும் செய்ய மாட்டேன், கேட்கவும் கூச்சப்பட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறி வா. வால்வை நேற்று சாயங்காலம் தோண்டி எடுத்துவிட்டேன். உள்ளே துருவும் எறும்பு மண்ணும்தான் இருந்தன. குழியை மூடி, தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டி, ஸ்பிரிட் லெவல் வைத்தும் பார்த்தாகிவிட்டது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு வாசப்படி போடறப்ப இந்த லெவலெல்லாம் எங்க போச்சுங்க?" என்று கேட்டாள். சனிக்கிழமை காலையில் நான் மோட்டார் ரூம் சுவரில் முதுகைச் சாய்த்துக் குத்தவைத்திருப்பேன். இடுப்பு வலித்தால் பந்து போட வேண்டாம், கையைக்கூடச் சுற்ற வேண்டாம். சும்மா வந்து நின்று, இடது காலை மட்டும் ஒரு தடவை எடுத்து வை. அந்த முதல் பந்துக்கு, வால்வில் மோதுவதற்கு முன்னால், உன் கால் நேராகத்தான் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேராக வை, கண்ணு. அங்கே ஒன்றும் இல்லை.

உன் பந்தைப் பிடிக்கிறவன்,
அப்பா